இடது மேலறைப் பை வீக்கம்: கண்டுபிடிப்பதும் அகற்றுவதும்

எக்ஸ்ரேயில் இதயத்தின் இடது விளிம்பு மேல்பக்கம் புடைத்து, கூடவே படபடப்போ காரணம் தெரியாத பக்கவாதமோ இருந்தால், இடது மேலறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பையான அப்பெண்டேஜ் வீங்கியிருக்கலாம் என்று சந்தேகியுங்கள். பெரும்பாலும் பிறவிக் கோளாறு. சுவர்த்தசை வலுவில்லாமல் பை மெல்ல உப்பும்.

முதலில் சாதாரண எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்). பெரிகார்டிய (இதய உறை) நீர்க்கட்டி என்று ஏமாறுவது இங்கேதான்: ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் பைக்கும் மேலறைக்கும் இடையே ரத்தம் போய்வருகிறதா பாருங்கள்; போய்வந்தால் அது நீர்க்கட்டி அல்ல. உள்ளே ரத்த உறைவு இருக்கிறதா என்று தேட உணவுக்குழாய் வழி எக்கோ வேண்டும். சிடியில் பையின் நுனி சாய மருந்து நிரம்பாமல் கறுத்துத் தெரிந்தால் உடனே உறைவு என்று எழுதிவிடாதீர்கள். ஓட்டம் மந்தமானாலும் அப்படித்தான் தெரியும். சுமார் 60 வினாடி கழித்து மறுபடி எடுங்கள். அப்போதும் நிரம்பாவிட்டால் உறைவு என்றே கொள்ளலாம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ (மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) உறைவோ இருந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின்; ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐஎன்ஆர் 2–3 இருக்க வேண்டும். ஆனால் மருந்து தற்காப்புதான். அறிகுறி இல்லாதவர்களுக்கும் வழக்கமாக அறுவையே பரிந்துரைக்கப்படுகிறது. உறைவு இருந்தால் ஹார்ட்-லங் மெஷினில் போட்டு, அயோர்டாவை (இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி) கிளாம்ப் செய்யும்வரை பையைத் தொடவே கூடாது. கை பட்டால் உறைவு பெயர்ந்து மூளைக்குப் போகலாம். அடிப்பகுதியைத் தைக்கும்போது ஊசி ஆழமாக வேண்டாம்: இதயத்தசைக்கு ரத்தம் தரும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனி பக்கத்திலேயே ஓடுகிறது.