சுவர் யாருடையது என்று கேட்டுவிட்டு பிரஷ்ஷை எடுங்கள்

நான் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவன். நாற்பதடி முகத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து இறக்கினால் அன்றைய கூலி. ஃப்ளெக்ஸ் வந்தது, எங்கள் பேனர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. கடை போர்டு, ஆட்டோவின் முதுகு, எல்.கே.ஜி. வகுப்பறை என்று ஓட்டிக்கொண்டிருந்தபோது 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி எங்களைத் தேடியது. மா. சுப்பிரமணியன் மேயராக இருந்த நேரம். அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதை நிறுத்த வேண்டும். அதற்குத் தமிழ்ப் பண்பாட்டுப் படங்கள் வரைய வேண்டும். அதாவது படத்துக்காகப் படம் இல்லை, பசை வாளியை விரட்டுவதற்காகப் படம். எனக்கென்ன, மறுபடியும் பெரிய சுவர் கிடைத்தது.

இப்போது மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், கவின்கலைக் கல்லூரிப் பிள்ளைகள், பள்ளி ஆசிரியைகள். “அண்ணே, எங்க தெருமுனைச் சுவத்துல வரையணும். யாரைப் பாக்கணும்?” எல்லாருக்கும் போனில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் ஓவியத்துக்கென்று தனித் துறை கிடையாது. சாலை, பாலம், மழைநீர் வடிகால், பூங்கா, கல்வி, கட்டடம் என்றுதான் துறைகள். உங்கள் படம் எந்தச் சுவரில் ஏறுகிறதோ, அந்தச் சுவரின் துறையே உங்கள் கலைத் துறை. பூங்காச் சுவர் என்றால் பூங்காத் துறை, மாநகராட்சிப் பள்ளிச் சுவர் என்றால் கல்வித் துறை, மேம்பாலத்துக்கு அடியில் என்றால் பாலங்கள் துறை. அதிலும் எல்லா மேம்பாலமும் மாநகராட்சியுடையது அல்ல.

ஆகவே முதல் வேலை, சுவர் யாருடையது என்று கண்டுபிடிப்பது. சென்னையில் ஒரே சாலையில் நூறடி நடந்தால் நாலு முதலாளிகளைத் தாண்டுவீர்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும், நடுவில் நிற்கும் தூண் மெட்ரோ ரயிலுடையது, ஓரத்துப் பெட்டி மின்வாரியத்துடையது, மதில் ஏதோ ஒரு மத்திய அரசு அலுவலகத்துடையது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் முகங்களைப் பெரிதாக வரைந்திருக்கிறார்களே, அது ரயில்வே சுவர். கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிகளின் பக்கவாட்டில் ஓவியங்கள் ஏறின. நடத்தியது ஒரு கலை அறக்கட்டளை, கூட நின்றது மாநகராட்சி, கட்டடமோ அப்போது குடிசை மாற்று வாரியம் என்று பெயர் இருந்த வாரியத்தினுடையது. மூன்று பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால்தான் அந்த மாதிரி வேலை நடக்கும்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தால் எல்லாரும் “கவர்மென்ட் சுவருப்பா” என்பார்கள். அதை நம்பாதீர்கள், நான் நம்பிக் கெட்டேன். சென்னைக்கு வெளியே ஓர் ஊரில், கவுன்சிலர் வாயால் சொன்ன அனுமதியை வைத்துக்கொண்டு எண்பதடி நீளத்துக்கு மீன்சந்தை ஒன்றை வரைந்தேன். கூடை, தராசு, கத்தி தீட்டும் கிழவர் என்று பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலை பிரஷ் கழுவ மிச்சமிருந்த டர்பன்டைனை எடுக்கப் போனால் பாதிச் சந்தையைக் காணோம். ரோலரும் வெள்ளை பெயிண்டுமாக ரெண்டு பேர் நிற்கிறார்கள். சுவர் வேறொரு துறையுடையது. கையில் தாள் இல்லாதவன் என்ன பேச முடியும்? தப்பு என்னுடையதுதான். சந்தேகம் இருந்தால் தாலுகா அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று அதில் இருக்கும்.

மாநகராட்சியுடையது என்று தெரிந்துவிட்டால் நேரே ரிப்பன் மாளிகைக்கு ஓட வேண்டாம். சென்னையில் பல மண்டலம், 200 வார்டு. உங்கள் வார்டின் உதவிப் பொறியாளரை முதலில் பாருங்கள். அந்தச் சுவரை இடிக்கப் போகிறார்களா, அதை ஒட்டி வடிகால் தோண்டப் போகிறார்களா என்பது அவருக்குத்தான் தெரியும். தோண்டப் போகிறார்கள் என்றால் கும்பிட்டுவிட்டு வேறு சுவர் தேடுங்கள். இல்லையென்றால் மண்டல அலுவலர் பெயருக்கு மனு, உதவிப் பொறியாளருக்கும் கவுன்சிலருக்கும் நகல். வார்டு மக்களைக் கூட்டும் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கே எழுந்து சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தெருக்காரர்கள் கேட்ட படம் என்று ஆகிவிட்டால் மனு வேறு மாதிரி நகரும்.

மனுவைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கலை, சமூகம், விழிப்புணர்வு என்று நீட்டாதீர்கள். வார்டு எண், தெரு, சுவரின் நீளமும் உயரமும் மீட்டரில், இரண்டு முனையிலிருந்தும் எடுத்த போட்டோ, ஏ3 தாளில் வண்ண ஸ்கெட்ச், எத்தனை நாள் வேலை, செலவு யாருடையது, அப்புறம் யார் பராமரிப்பது. இந்தக் கடைசி வரியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அதிகாரிக்கு உங்கள் படத்தைப் பற்றிப் பயமில்லை, ரெண்டு வருஷம் கழித்து உரிந்து தொங்கும்போது மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு வரப்போகும் போனைப் பற்றித்தான் பயம். தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். சாரம் சாலையில் இறங்குமானால் போக்குவரத்துப் போலீசுக்குத் தனியாக ஒரு கடிதம்.

ஸ்கெட்சில் எதை வரையலாம்? கட்சி நிறம் அருகருகே வராமல் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சேவல் வரைந்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாமி படம் வேண்டாம், எச்சில் துப்பாமல் இருக்கும் என்று யார் சொன்னாலும் சரி. உயிரோடிருக்கும் தலைவர்கள் வேண்டாம். சிலை வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலைக்கு அனுமதி தரக்கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கடற்கரைச் சாலையில் நின்ற சிவாஜி சிலையே 2017-ல் அடையாறு மணிமண்டபத்துக்கு இடம் மாறியது.

பணம் மூன்று வழியில் வரும். மாநகராட்சியே டெண்டர் விட்டால் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் எடுப்பார், நீங்கள் அவருக்குக் கீழே சதுர மீட்டர் கணக்கில் கூலிக்காரர். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் என்றால் கூலி நன்றாக இருக்கும், லோகோதான் தகராறு. லோகோவின் அளவை முதலிலேயே எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் படம் லோகோவுக்குப் பார்டராகிவிடும். மூன்றாவது நமக்கு நாமே திட்டம். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பூங்கா, பள்ளி வேலைகளோடு சுவரையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

சதுர மீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏதோ ஒரு நகராட்சியில் பொறியாளர் டேப்பும் எம்.புக் என்கிற அளவுப் புத்தகமுமாக என் படத்தை அளக்க வந்தார். குதிரைக்கு மேலே கையை நீட்டி, “இங்க ஒண்ணும் வரையலையே, கழிச்சிடவா?” என்றார். “அது வானம் சார்” என்றேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். “ரெண்டு கோட்டா?” “ரெண்டு கோட்டு சார்.” எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். அவர் புத்தகத்தில் வானத்துக்குத் தனிக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அனுமதிக் கடிதம் வரும்போது அதில் இரண்டு வரி கேட்டு வாங்குங்கள்: படம் குறைந்தது எத்தனை வருஷம் இருக்கும், அழிப்பதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள். அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்காதீர்கள். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றி எடுத்துப் போட்டார்கள். அவர் வழக்காடினார். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் படைத்தவனுக்கு உள்ள உரிமையைக் காட்டி, சிற்பத்தைத் திருப்பிக் கொடுங்கள், 5 லட்சம் இழப்பீடும் கொடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது 2005-ல். நம்மால் அத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடக்க முடியாது, அதனால்தான் அந்த இரண்டு வரி. ஓரத்தில் உங்கள் பெயரை எழுத அனுமதியும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

இனி சுவர். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள், தை பிறக்கட்டும். ஒரு முழம் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உள்ளே வேர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் உப்பு பூத்து அப்பளம் மாதிரி எழும்பும். பழைய சுண்ணாம்பையும் போஸ்டர் பசையையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எடுங்கள், தண்ணீர் பீய்ச்சுங்கள், காயவிட்டு எக்ஸ்டீரியர் பிரைமர். பட்டி பார்த்தால் வெளிச்சுவருக்கானதுதானா என்று மூட்டையைத் திருப்பிப் படியுங்கள். மேற்கே பார்த்த சுவரில் பளீர் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். காவி, செங்காவி, மண்ணிறம் நிற்கும். கீழே ரெண்டடிக்கு அடர்ந்த நிறமாகவே விடுங்கள், சேறு தெறிக்கும், மற்றதும் தெறிக்கும். முகங்களை அதற்கு மேலே தொடங்குங்கள்.

கட்டம் போட நீலப்பொடி தடவிய நூல் போதும், புரொஜெக்டர் தேவையில்லை. காலையில் சுவரில் வெயில் விழுமுன் பெரிய பரப்புகளை முடித்துவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலை லேமினேட் செய்து சாரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ரோந்து வரும் போலீஸ்காரருக்கு இறங்கி இறங்கிப் பதில் சொல்லும் நேரம் மிச்சம்.

முடிந்ததும் அளவுகோலை ஓரத்தில் நிறுத்தி முழுச் சுவரையும் போட்டோ எடுத்து ஒரு பிரதியை உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள். மீந்த பெயிண்டைச் சின்ன டப்பாக்களில் ஊற்றி, மேலே ஷேடு நம்பரை எழுதி, பள்ளிக்கூடம் என்றால் வாட்ச்மேனிடம், தெரு என்றால் இஸ்திரி வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். கீறல் விழுந்தால் அவர்தான் முதலில் பார்ப்பார்.