யூகே கேர் ஹோம்ல மருந்து ட்ராலி தள்ளப் போறீங்களா? புதுசா வந்தவங்க தெரிஞ்சுக்க வேண்டிய வார்த்தைங்க

கேரர் வேலைக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும் மேனேஜர் கூப்பிட்டு மெடிகேஷன் ட்ரெய்னிங் போறியான்னு கேப்பாங்க. நர்சிங் ஹோம்னா மருந்து பெரும்பாலும் நர்ஸ் கையில இருக்கும், நர்ஸ் இல்லாத ரெசிடென்ஷியல் ஹோம்ல ட்ரெய்னிங் முடிச்சு காம்பிடென்சி (சரியா குடுக்கறாங்களான்னு பாக்கற டெஸ்ட்) பாஸ் பண்ண கேரர்தான் குடுக்கணும், அமெரிக்காவுல இதே மாதிரி வேலைய மெடிகேஷன் எய்டுன்னு சொல்வாங்க. ஊர்ல நர்சிங் படிச்சுட்டு இங்க கேரரா இருக்கறவங்களும் இத படிங்க, மருந்து நமக்கு தெரியும்தான், ஆனா இங்க எழுதுற விதமே வேற.

எல்லாத்துக்கும் மூலம் மார் சார்ட், அதாவது மருந்து குடுக்கறத பதிவு பண்ற தாள். யாருக்கு, என்ன மருந்து, எவ்ளோ, எப்போன்னு அதுல இருக்கும், குடுத்த உடனே உங்க இனிஷியல் போடணும், குடுக்கறதுக்கு முன்னாடி போடவே கூடாது. ஊர்ல டாக்டர் 1-0-1ன்னு எழுதிக் குடுப்பாருல்ல, அது இங்க கிடையாது. ஓடின்னா நாளைக்கு ஒரு தடவ, பிடின்னா ரெண்டு, டிடிஎஸ்னா மூணு, க்யூடிஎஸ்னா நாலு. ஓஎம் காலைல, ஓஎன் ராத்திரி. ஸ்டாட்னா உடனே, ஒரே ஒரு தடவ. இப்ப நெறைய இடத்துல ஃபுல்லாவே எழுதிடறாங்க, டேப்லெட் கம்ப்யூட்டர்ல ஓடுற எலக்ட்ரானிக் மார் வேற வந்தாச்சு, ஆனாலும் பழைய ஆளுங்க வாயில இதுதான் வரும்.

ட்ரெய்னிங்குக்கு முன்னாடி யூட்யூப்ல பாத்து படிக்கறவங்க கவனம், பாதி வீடியோ அமெரிக்காக்காரங்களோடது. அவங்க க்யூடின்னா நாளைக்கு ஒரு தடவ, இங்க க்யூடிஎஸ்னா நாலு தடவ, ஒரு எழுத்துதான் வித்தியாசம். மருந்து பேரும் மாறும், அவங்க அசிட்டமினோஃபென்னு சொல்றது நம்ம பாராசிட்டமால்தான், அல்பியூட்டரால்னா சால்பியூட்டமால்.

பேர் விஷயத்துல நம்ம ஆளுங்க தடுமாற இன்னொரு காரணம், ஊர்ல நாம பிராண்ட் பேரத்தான் சொல்லி வாங்குவோம், இங்க சார்ட்ல பெரும்பாலும் ஜெனரிக் பேருதான் இருக்கும். அப்பா போட்ட ஈக்கோஸ்ப்ரின் இங்க ஆஸ்பிரின், கிளைக்கோமெட் மெட்ஃபார்மின், தைரோநார்ம் லெவோதைராக்சின், லாசிக்ஸ் ஃபியூரோசமைட், அஸ்தாலின் பம்ப் சால்பியூட்டமால் (நீல கலர் இன்ஹேலர்). பேரோட வால பாத்தா மருந்து எந்த குடும்பம்னு ஓரளவு புரிஞ்சிடும்: ப்ரில், சார்டான், ஓலால்னு முடிஞ்சா பெரும்பாலும் பிபி, இதயம் சம்பந்தப்பட்டது, ஸ்டாட்டின்னா கொலஸ்ட்ரால், ப்ரசோல்னா பொதுவா வயித்துக்கு, சிலின்னு முடிஞ்சா பெனிசிலின் வகை ஆன்டிபயாட்டிக். இந்த கடைசி ஒண்ணு ரொம்ப முக்கியம், சார்ட் மேல அலர்ஜி கட்டத்துல பெனிசிலின்னு இருந்து கீழ அமாக்சிசிலின் வந்திருந்தா குடுக்காம சீனியர கூப்பிடுங்க. கோ-அமாக்சிக்லாவ்லயும் பெனிசிலின் இருக்கு, பேர் வேற மாதிரி இருக்கறதால கண்ணுல படாது.

அளவுக்கு வருவோம். 1 மில்லிகிராம்னா 1000 மைக்ரோகிராம். லெவோதைராக்சின் மைக்ரோகிராம்ல வரும், டிஜாக்சினும் அப்படித்தான், இத மில்லிகிராம்னு படிச்சா ஆயிரம் மடங்கு ஆயிடும், அதனாலதான் இங்க மைக்ரோகிராமயும் இன்சுலினோட யூனிட்டயும் சுருக்காம முழுசா எழுதச் சொல்வாங்க. சிரப்புல 10 மில்லிகிராம் / 5 எம்எல்னு இருந்தா எம்எல்லயும் மில்லிகிராமயும் ஒண்ணா நெனைச்சு ஊத்திடாதீங்க, 10 மில்லிகிராம் வேணும்னா 5 எம்எல்தான்.

மாத்திர பேருக்கு பின்னாடி எம்ஆர், எக்ஸ்எல், எஸ்ஆர்னு இருந்தா மெதுவா கரையற மாத்திர, இசின்னா மேல கோட்டிங் இருக்கு. முழுங்க கஷ்டமா இருக்குன்னு இதெல்லாம் நீங்களா நசுக்கக் கூடாது, நாள் பூரா மெதுவா எறங்க வேண்டியது ஒரேடியா எறங்கிடும். ஃபார்மசிக்கு போன் பண்ணா சில மருந்துக்கு சிரப்பா மாத்தித் தர வழி இருக்கும்.

பிஆர்என் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா புதுசா வர்றவங்க அதிகமா குழம்புற எடம் இது. பிஆர்என்னா தேவைப்படும்போது மட்டும். வலிக்குதான்னு கேட்டு, எங்க வலிக்குதுன்னு கேட்டு, கடைசியா எப்ப குடுத்தாங்கன்னு சார்ட்ல பாத்து, அப்புறம்தான் குடுக்கணும், குடுத்த நேரம், காரணம், ஒண்ணா ரெண்டா, கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டதுல கொறஞ்சுச்சான்னு எல்லாம் எழுதணும். பாராசிட்டமால்னா ரெண்டு டோஸுக்கு நடுவுல கொறஞ்சது 4 மணி நேரம், பெரியவங்களுக்கு 24 மணி நேரத்துல 500 மில்லிகிராம் மாத்திர 8க்கு மேல போகக்கூடாது, எடை ரொம்ப கம்மியா இருக்கற பாட்டிகளுக்கு ஜிபி (இங்க குடும்ப டாக்டர்) இதவிட கொறச்சே எழுதியிருப்பாங்க. இதுல ஒரு வம்பு இருக்கு: கோ-கோடமால் மாத்திரையிலயும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கு. அதையும் குடுத்து பாராசிட்டமாலையும் குடுத்தா டபுள். பேச முடியாத டிமென்ஷியா ஆளுங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, முகம் சுளிக்கறது, தொட்டா கைய தட்டி விடறது, சாப்பிடாம இருக்கறது இதெல்லாந்தான் அவங்க பாஷை.

நேரம் தப்பக்கூடாத சில மருந்து இருக்கு. பார்க்கின்சனுக்கு குடுக்கற கோ-கேரல்டோப்பா, கோ-பெனல்டோப்பா அரை மணி நேரத்துக்கு மேல தள்ளக்கூடாது, மத்தவங்க ரவுண்ட் முடியட்டும்னு வெச்சீங்கன்னா அவங்க அசையவே முடியாம உக்காந்திருப்பாங்க. அலென்ட்ரானிக் ஆசிட் வாரம் ஒரு தடவ குடுக்கற எலும்பு மாத்திர, வெறும் வயித்துல ஒரு முழு டம்ளர் தண்ணியோட குடுத்து, அரை மணி நேரம் படுக்க விடாம நிமிர்ந்தே வெச்சிருக்கணும். மீத்தோட்ரெக்சேட்டும் வாரம் ஒரு தடவதான், தெனமும் குடுத்தா உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாம இருக்க குடுக்கற வார்ஃபரின் மாத்திர கலர வெச்சே அளவு சொல்லலாம், 1 மில்லிகிராம் பிரவுன், 3 நீலம், 5 பிங்க், ஆனா கலர மட்டும் நம்பாம ஐஎன்ஆர் (ரத்தம் எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு பாக்கற டெஸ்ட்) ரிசல்ட்டோட வந்த டோஸ பாருங்க.

சிடின்னா கன்ட்ரோல்டு ட்ரக், மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி. தனி அலமாரி, தனி ரெஜிஸ்டர், ரெண்டு பேர் கையெழுத்து, ஒவ்வொரு தடவையும் மீதிய எண்ணணும். ஃபென்டனில் பேட்ச் பொதுவா 72 மணி நேரத்துக்கு ஒண்ணு, புதுச ஒட்டறதுக்கு முன்னாடி பழச தேடி எடுக்கணும், வேற எடத்துல ஒட்டணும், அது மேல ஹாட் வாட்டர் பாட்டில் வெக்கக்கூடாது, சூட்டுல மருந்து அதிகமா எறங்கும்.

வேண்டாம்னு சொன்னா கட்டாயப்படுத்த முடியாது, ரெஃப்யூஸ்டுன்னு கோட் போட்டு (கோட் எழுத்து ஹோமுக்கு ஹோம் மாறும், சார்ட் அடியில இருக்கும்) சீனியர்கிட்ட சொல்லணும். நம்ம வீட்ல பாட்டிக்கு வாழைப்பழத்துல மாத்திரைய வெச்சு ஊட்டுவோமே, அத இங்க உங்க இஷ்டத்துக்கு செஞ்சா பெரிய கேஸ். கவர்ட் மெடிகேஷன்னு அதுக்கு தனி பேரு, இங்கிலாந்து, வேல்ஸ்ல 2005 மென்டல் கெபாசிட்டி சட்டப்படி அவங்களால அந்த முடிவ எடுக்க முடியலன்னு பாத்து, ஜிபி, ஃபார்மசிஸ்ட், குடும்பம்னு கலந்து பேசி எழுத்துல இருந்தாத்தான் செய்யலாம்.

கடைசியா அவங்க பேசற இங்கிலீஷ். வாட்டர் டேப்லெட்னா ஃபியூரோசமைட் மாதிரி யூரின் அதிகமா போக வெக்கற மாத்திர, பாத்ரூமுக்கு அடிக்கடி போகணும்னு அத வேண்டாம்னு சொல்வாங்க. பங்டு அப்னா பொதுவா மலச்சிக்கல், மூக்கடைப்புக்கும் அதையே சொல்வாங்க, அதனால எதுன்னு கேட்டுக்கோங்க. நோட்ஸ்ல பிஎன்ஓன்னு இருந்தா இன்னிக்கு வெளிக்குப் போகல. வாட்டர்வொர்க்ஸ்னா யூரின் சமாச்சாரம். யாராச்சும் ஃபீலிங் எ பிட் ஃபன்னின்னு சொன்னா சிரிச்சுட்டு போயிடாதீங்க, உடம்பு ஏதோ சரியில்லன்னு அர்த்தம், உக்கார வெச்சுட்டு சீனியர கூப்பிடுங்க.