சிசேரியன் தழும்பு மங்கணுமா, மொதல்ல பாவாடை நாடாவ பாருங்க

எனக்கு ஆபரேஷன் ஆனது கத்திரி வெயில்ல. மதுரை வெயில் தெரியும்ல, குளிச்சு பத்து நிமிஷத்துல மறுபடி வேர்த்து ஊத்தும், அதுலயும் வயிறு தொங்கி தையல் மேல மடிஞ்சு கெடக்குற எடத்துல ஈரம் காயவே காயாது. அதனால தழும்பு நல்லபடியா ஆறணும்னா மொத வேலை க்ரீம் தேடுறது இல்ல, அந்த மடிப்ப காய வைக்கிறதுதான்.

குளிச்சதும் காட்டன் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் ஃபேனுக்கு கீழ மல்லாக்க படுத்து வயித்த ஒரு கையால மேல தூக்கி பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே இருங்க. எங்கம்மா பழைய சுங்குடி சேலைய தொவைச்சு காயப்போட்டு துண்டு துண்டா கிழிச்சு வச்சிருந்தாங்க, அவ்வளவு மெத்துனு இருந்துச்சு. மஞ்சள், பவுடர் எதுவும் ஆறாத புண்ணு மேல வேண்டாம். பெரியவங்க பாசத்துல சொல்லத்தான் செய்வாங்க, நான் "டாக்டர் வேணாம்னுட்டாங்க அப்பத்தா"ன்னு சொல்லியே தப்பிச்சேன்.

அடுத்து நாடா. இத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. வயிறு இன்னும் வத்தாததால நாடாவ எறக்கி கட்டுவோம், முடிச்சு நேரா தையல் மேல வந்து உக்காரும், ஜட்டி எலாஸ்டிக்கும் அதே எடம்தான். எனக்கு தழும்போட வலது ஓரம் மட்டும் செவந்து தடிச்சு நின்னுச்சு, என்னடான்னு பாத்தா தெனமும் முடிச்சு போடுறது அந்தப் பக்கம். உரசலும் இழுவையும் இருந்தா தழும்பு தடிக்கும். லூசான நைட்டி, தொப்புள் வரைக்கும் ஏறுற ஒரு சைஸ் பெரிய ஜட்டி, இது ரெண்டும் போதும். தண்ணிக் கொடம் தூக்குறத ஆறு வாரத்துக்கு வீட்ல வேற யாராச்சும் பாக்கட்டும், இருமல் வந்தா ஒரு தலகாணிய வயித்தோட அணைச்சுக்கிட்டு இருமுங்க.

தையல் பிரிச்சு, பொருக்கு எல்லாம் உதிர்ந்து, எங்கயும் கசிவு இல்லன்னு ஆனதுக்கு அப்புறம் சிலிக்கான் ஜெல் ஆரம்பிக்கலாம், பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல ஆகும், டாக்டர்கிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க. மெல்லிசா காலைல ஒருவாட்டி ராத்திரி ஒருவாட்டி, காஞ்சதும் துணி போடுங்க. ஷீட்டா ஒட்டுறதும் இருக்கு, அத ஒரு நாளைக்கு 12 மணி நேரமாச்சும் வச்சிருக்கணும், நம்மூர் வெயில்ல கீழ வேர்க்குரு வந்துரும்ங்கறதால எனக்கு ஜெல்தான் ஒத்து வந்துச்சு. ரெண்டு மூணு மாசமாவது விடாம போடணும். வைட்டமின் ஈ மாத்திரைய உடைச்சு தடவுறாங்க, அதுல தழும்பு மங்குதுன்னு நிரூபணம் இல்ல, சிலருக்கு அரிப்புதான் மிச்சம்.

ஆறு வாரம் கழிச்சு டாக்டர் சரின்னதும் மசாஜ். ரெண்டு விரல்ல துளி தேங்காண்ணெய், மொதல்ல தழும்ப சுத்தி, கொஞ்ச நாள்ல தழும்பு மேலயே வட்டமா, மேல கீழ, பக்கவாட்டுல, அஞ்சு நிமிஷம், ரெண்டு வேளை. மொத நாள் கை வைக்கவே எனக்கு பயம், தொட்டா என் ஒடம்பு மாதிரியே இல்ல, மரத்துப் போயிருந்துச்சு. சின்ன நரம்புகள் அறுபட்டிருக்கும்ல, அதான். மாசக்கணக்குல மெதுவா உணர்வு திரும்புச்சு, பயந்துறாதீங்க.

மூணாவது மாசம் செவப்பா தடிப்பா தெரியுறது சகஜம், மங்க ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் கூட ஆகும். ஆனா தையல் கோட்டத் தாண்டி வளந்து அரிச்சு வலிச்சா அது கீலாய்டா இருக்கலாம், தோல் டாக்டர பாருங்க, நம்ம பெரியாஸ்பத்திரிலயே தோல் டிப்பார்ட்மெண்ட் இருக்கு, தழும்புக்குள்ளயே ஊசி போட்டு அமுக்குவாங்க. சீழ், நாத்தம், 100.4க்கு மேல காய்ச்சல், தையல் விடுறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிருங்க, விடியட்டும்னு இருக்காதீங்க.

என் பொண்ணுக்கு இப்ப ஒன்றரை வயசு. தழும்பு வெளுத்து நூலு மாதிரி ஆயிருச்சு, வலது ஓரத்துல மட்டும் அரிசி மணி அளவு தடிப்பு, அங்க இன்னமும் ராத்திரி அவள தூங்க வச்சுட்டு எண்ணெய் தொட்டு தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.