லினக்ஸ் பெட்டிக்குக் கோப்பு போய்ச் சேரவில்லையா? எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பழைய கணினியில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, குடும்பப் படங்கள், தீமிதி காணொளிகள், ஸ்கேன் செய்த புத்தகங்கள் எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அனுப்பும்போது ஒரு பிழை வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவத் தோன்றும். வேண்டாம். பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. முதலில் உள்ளே நுழைய முடிகிறதா?

கோப்பை ஓரமாக வைத்துவிட்டு வெறும் எஸ்எஸ்எச் (வலை வழியாக இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) மட்டும் முயன்று பாருங்கள்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் நல்ல செய்திதான். பெட்டி வரை போய்விட்டீர்கள், 22ஆம் போர்ட்டில் பதில் சொல்லத்தான் ஆளில்லை. உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்எச் சர்வர் தானாக வராது. 'சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்' போடுங்கள்.

'டைம்ட் அவுட்' என்றால் பெட்டியையே எட்டவில்லை. ஐபி முகவரி மாறியிருக்கலாம், ஃபயர்வால் மறித்திருக்கலாம், மடிக்கணினி கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம். நம் சிங்கப்பூர் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இரட்டை ரவுட்டரை. கண்ணாடியிழை இணைப்போடு வந்த பெட்டியே ரவுட்டராகவும் இருக்கும், அதற்குப் பின்னால் நாமே ஒரு மெஷ் (வீடு முழுக்க வைஃபை பரப்பும் ரவுட்டர்) வாங்கி மாட்டியிருப்போம். இரண்டு கணினிகளின் ஐபியையும் பாருங்கள். ஒன்று 192.168.0 என்றும் மற்றது 192.168.1 என்றும் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு வலையில் இருக்கின்றன. மெஷ்ஷுக்குள் இருப்பது வெளியே பேசும், வெளியே இருக்கும் கணினியால் உள்ளே நுழைய முடியாது. மெஷ்ஷை, தனி வலை உருவாக்காத பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள்.

'பர்மிஷன் டினைட்' நுழையும்போதே வந்தால் கடவுச்சொல்லோ சாவியோ தவறு. நுழைந்த பிறகு கோப்பின் பெயரோடு வந்தால், அந்தக் கோப்புறையில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் ஹோம் கோப்புறைக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து சூடோ போட்டு நகர்த்துங்கள்.

2. பாதியில் நிற்கிறதா?

'டிஎஃப் ஹைஃபன் எச்' போட்டு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இருந்தும் பெரிய காணொளிகள் மட்டும் சரியாக 4 ஜிபியில் நின்றால், அந்த ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரே கோப்பை அதில் வைக்க முடியாது. டிஸ்க்கில் இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவத்துக்கு மாற்றுங்கள்.

எப்போது என்று இல்லாமல் அறுந்தால் வைஃபைதான். இடம் இல்லையென்று பெட்டியை பாம் ஷெல்டருக்குள் வைப்பவர்கள் நிறைய. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் அந்தப் பாதுகாப்பு அறை தடித்த கான்கிரீட், எஃகுக் கதவு வேறு, சிக்னல் நொண்டும். சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்கவும் விதி இடம் தராது. பெட்டியை வெளியே கொண்டுவந்து ரவுட்டரில் லேன் கேபிளால் மாட்டி, முதல் பெரிய நகலை முடித்துவிடுங்கள்.

எதை அனுப்பினாலும் நான் சொல்வது ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை, கூடவே 'ஹைஃபன் பெரிய பி'. இணைப்பு அறுந்தாலும் அதுவரை போனதை அது வீணாக்காது. விண்டோஸில் இருந்தால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) வழியாகக் கிடைக்கும். கட்டளை பிடிக்காதவர்களுக்கு வின்எஸ்சிபி என்ற விண்டோஸ் செயலி போதும்.

3. சில கோப்புகள் மட்டும் போக மறுக்கின்றனவா?

ஆங்கிலக் கையேடுகள் சொல்லாத இடம் இது. 'ஃபைல் நேம் டூ லாங்' என்று வரும். விண்டோஸில் அதே பெயர் பிரச்சினையில்லாமல் இருந்திருக்கும், அதனால் யாரும் பெயரைச் சந்தேகிப்பதில்லை.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற டிஸ்க் வடிவம் பெயரைக் குறியீடுகளாக எண்ணுகிறது, 255 வரை விடும். லினக்ஸும் 255 என்றுதான் சொல்லும், ஆனால் அது எண்ணுவது பைட்டுகளை. லினக்ஸ் பெயர்களை எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் குறியீடுகள். 'கல்யாணம்' நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, கணினிக்கு 8 குறியீடு, 24 பைட். ஆக மொத்தம் 85 குறியீடுகள்தான் இடம், ஏறக்குறைய ஐம்பது எழுத்து. 'அக்கா கல்யாணம் பெருமாள் கோயில் மாப்பிள்ளை அழைப்பு முதல் பகுதி திருத்தியது குடும்பத்தினருக்கு மட்டும்' என்று மனம்போலப் பெயர் வைத்தால் அங்கேயே முட்டும்.

இரண்டு இடங்களில் இந்த எல்லை இன்னும் சுருங்கும். ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டிய கோப்புறையில் 143 பைட்தான், அதாவது 47 தமிழ்க் குறியீடு. வின்எஸ்சிபி அனுப்பும் நேரத்தில் பெரிய கோப்புகளின் பெயரோடு 'டாட் ஃபைல்பார்ட்' என்று 9 எழுத்தைத் தற்காலிகமாக ஒட்டும், விளிம்பில் இருக்கும் பெயர் அதிலேயே விழும்.

ஸிப் செய்து அனுப்பினால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே பிரிக்கும்போது அதே பிழைதான் வரும். பெயரைச் சுருக்குவது ஒன்றே வழி. தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. தேதியை எண்ணில் முன்னால் போட்டு, இரண்டு மூன்று சொல் தமிழில் வையுங்கள், மற்ற விவரம் கோப்புறைப் பெயருக்குப் போகட்டும். மொத்தமாக மாற்ற விண்டோஸ் பவர்டாய்ஸில் உள்ள பவர்ரீநேம் எனக்குப் பிடித்தது.

பின்சேர்க்கை: ஈசூன் வாசகர் ஒருவருக்கு எஸ்எஸ்எச் வேலை செய்தும் எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியே கோப்பை நகலெடுக்கும் கட்டளை) மட்டும் 'சப்சிஸ்டம் ரெக்வஸ்ட் ஃபெயில்டு' என்று நின்றது. 2022இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 முதல், எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி என்ற வேறு முறையில்தான் அனுப்புகிறது. அவருடைய பழைய சேமிப்புப் பெட்டியில் அது இல்லை. கட்டளையில் 'ஹைஃபன் பெரிய ஓ' சேர்த்தால் பழைய முறைக்குத் திரும்பும். பெரிய எழுத்துதான், பூஜ்யம் அல்ல.