கார் இல்லாமல் கார்க்: ஊரிலிருந்து வருகிறவர்களை எங்கே கூட்டிப் போவது?

அயர்லாந்தின் தெற்குக் கரையில் இருக்கிறது கார்க். பிள்ளைகளைப் பார்க்க இங்கே வரும் அப்பா அம்மாக்களுக்கு முதல் சில நாட்கள் தூக்கத்திலும் குளிரைத் திட்டுவதிலும் போய்விடும். அப்புறம் கேட்பார்கள், "இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கு?" உடனே பிள்ளைகள் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் மோஹர் குன்றுகளுக்கு கோச் டூர் புக் பண்ணுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இங்கிருந்து போக ஏறக்குறைய மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். மூடுபனி இறங்கிவிட்டால் குன்று கண்ணிலேயே படாது. அந்த நேரத்தில் கார்க் துறைமுகத்தையே நிதானமாகப் பார்த்துவிடலாம்.

நான் இங்கே நர்ஸ். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அம்மா, மாமனார், மாமியார், கூட வேலை பார்க்கும் பெண்களின் பெற்றோர் என்று யார் வந்தாலும் பஸ்ஸிலும் ரயிலிலும்தான் கூட்டிப் போகிறேன். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்கு பி.பி. இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

குடை வேண்டாம். இங்கே மழை பக்கவாட்டில் அடிக்கும், காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும். தலையை மூடும் தொப்பி வைத்த மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். புடவைதான் கட்டுவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் கட்டட்டும். உள்ளே தெர்மல் லெக்கின்ஸ், காலில் ஷூ, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிவிட வேண்டும். ஓரம் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது.

காலையில் மெட் ஏரன் வானிலை ஆப்பில் மழை ரேடாரைப் பாருங்கள். "இன்று மழை" என்று போட்டிருந்தாலும் நடுவில் வெயில் வரும். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருந்தால் ஒரு இடமும் பார்க்க முடியாது. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், மெதுவாகக் கிளம்பலாம். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும்.

பஸ்ஸுக்கும் உள்ளூர் ரயிலுக்கும் சேர்த்து லீப் கார்டு என்று ஒன்று உண்டு. கடைகளிலேயே வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம், காசு கொடுத்து டிக்கெட் எடுப்பதைவிட மலிவு. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்.

முதல் நாள் நகரத்துக்குள்ளேயே

லீ ஆறு இரண்டாகப் பிரிந்து ஓட, நடுவில் தீவாக நகர மையம் இருக்கிறது. அந்தத் தீவு சமதளம், யாரும் நடக்கலாம். ஆற்றைத் தாண்டினால் இரு பக்கமும் மேடு. மேட்டுக்கு டாக்ஸியில் ஏறி நடந்து இறங்குங்கள். கார்க் முழுவதற்கும் நான் வைத்திருக்கும் விதி இது.

காலையில் இங்கிலிஷ் மார்க்கெட். 1788-இல் தொடங்கிய கூரை வேய்ந்த சந்தை, ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மீன் பக்கம் போனால் மாமனார் அசையமாட்டார். மாக்கரெல், அதாவது நம் அயிலைக்கு அண்ணன் மாதிரி ஒன்று, பனிக்கட்டியில் வரிசையாகக் கிடக்கும். ட்ரிஷீன் என்று ரத்தத்தில் செய்த தொத்திறைச்சியும் குடலும் விற்பார்கள். ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். சைவக்காரர்களுக்கு சீஸ், ஆலிவ், ரொட்டி வாங்கிக்கொள்ளலாம், மதியச் சாப்பாட்டுக்கு ஆகும்.

அங்கிருந்து ஆற்றின் தென்கிளையைத் தாண்டி டக்ளஸ் தெருவில் இருக்கும் நானோ நேகிள் பிளேஸுக்குப் போங்கள். சுற்றுலாக் கையேடுகளில் இதற்குப் பெரிய இடம் கிடையாது. ஆனால் சென்னைக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தக் கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில், ஏழைப் பிள்ளைகளுக்கு இங்கே ரகசியமாகப் பள்ளி தொடங்கியவர் நானோ நேகிள். 1775-இல் அவர் தொடங்கிய அமைப்புதான் பிறகு பிரசன்டேஷன் சகோதரிகள் சபை ஆனது. அந்தச் சகோதரிகள் 1842-இல் கப்பலில் மெட்ராஸ் வந்து சேர்ந்தார்கள். சர்ச் பார்க் கான்வென்ட் அவர்களுடையதுதான். சர்ச் பார்க்கில் படித்த தோழி ஒருத்தியின் அம்மாவை இங்கே கூட்டி வந்தேன். நேகிளின் கல்லறையைப் பார்த்துவிட்டு, தன் பழைய சிஸ்டர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அருங்காட்சியகம் சிறியது, தோட்டமும் காபிக் கடையும் உண்டு. கால்களுக்கு ஓய்வு கொடுக்க இதைவிட நல்ல இடம் நகரத்தில் எனக்குத் தெரியாது.

மதியம் மழை பிடித்தால் யுனிவர்சிட்டி காலேஜ் கார்க். வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பழைய கட்டிடத்தின் கல் தாழ்வாரத்தில், அயர்லாந்தின் பழங்கால எழுத்தான ஓகம் வெட்டிய கற்கள் நிற்கின்றன. எழுத்தெல்லாம் கல்லின் விளிம்பில் வெட்டிய கோடுகள்தான். பக்கத்தில் ஹோனன் சிற்றாலயம், 1916-இல் கட்டி முடித்தது. ஹாரி கிளார்க் செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்க மேகமூட்டமான நாள்கூடப் போதும்.

இந்தக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் பூல், கம்ப்யூட்டருக்கு அடிப்படையான பூலியன் தர்க்கத்தைத் தந்தவர். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் அவர் பெயரால்தான் சாப்பிடுகிறார்கள் என்று அப்பாக்களிடம் சொல்வேன். 1864-இல் கொட்டும் மழையில் நடந்து வந்து, நனைந்த துணியோடு பாடம் நடத்தி, நிமோனியா கண்டு இறந்தார். மழைக்கோட்டு போடமாட்டேன் என்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாக வேலை செய்யும். அவர் மனைவி மேரி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழி மகள். பரங்கிமலையில் தொடங்கிய இந்திய நில அளவையைப் பின்னாளில் நடத்தியவர் அந்த எவரெஸ்ட்.

நேரம் இருந்தால் ஷாண்டன். 1722-இல் கட்டத் தொடங்கிய புனித ஆன் தேவாலயக் கோபுரம், இரண்டு பக்கம் சிவப்புக் கல், இரண்டு பக்கம் வெள்ளைக் கல். நாலு பக்கக் கடிகாரமும் ஆளுக்கொரு நேரம் காட்டுவதால் "நாலு முகப் பொய்யன்" என்று ஊரில் கேலி செய்வார்கள். கோபுரம் திறந்திருந்தால், எண் எழுதிய அட்டையைப் பார்த்துக் கயிற்றை இழுத்து மணிகளில் பாட்டு வாசிக்கலாம். மேலே போக 132 படிகள், குறுகலானவை. முழங்கால்காரர்கள் கீழேயே இருக்கட்டும்.

ரயில் ஏறி கோவ்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கென்ட் ஸ்டேஷனிலிருந்து கோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. போகும் திசையில் வலது பக்கம் உட்காருங்கள், தண்ணீர் அந்தப் பக்கம்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் துறைமுகம் நேர் எதிரே.

கோவ் சின்ன ஊர். ஆனால் 1848-க்கும் 1950-க்கும் இடையில் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறிய சுமார் 60 லட்சம் பேரில் 25 லட்சம் பேர் இந்தக் கரையிலிருந்து போனவர்கள். பஞ்சம், பிழைப்பு, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிய டிக்கெட். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய அப்பா அம்மாக்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டியதில்லை. கரையோரம் ஆனி மூர் என்ற பெண்ணும் அவள் தம்பிகளும் சிலையாக நிற்கிறார்கள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையத்தில் முதலாவதாகப் பதிவானவள் அவள்.

1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் கடைசியாக நின்ற துறைமுகமும் இதுதான். அப்போது ஊருக்கு குயின்ஸ்டவுன் என்று பெயர். கப்பல் துறைமுக வாசலுக்கு வெளியே நங்கூரமிட்டது, 123 பேரைச் சிறு படகுகளில் கொண்டுபோய் ஏற்றினார்கள். இங்கே இறங்கிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பிரவுன், பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்தவர். கப்பலில் அவர் எடுத்த படங்கள் அவரோடு கரையேறியதால்தான் தப்பின.

டைட்டானிக் காட்சியகம் பழைய ஒயிட் ஸ்டார் கம்பெனி அலுவலகத்தில் நடக்கிறது. உள்ளே நுழையும்போது ஒரு பயணியின் பெயர் போட்ட அட்டை கையில் கொடுப்பார்கள், அவர் பிழைத்தாரா என்பது கடைசியில் தெரியும். ஸ்டேஷன் கட்டிடத்திலேயே குயின்ஸ்டவுன் ஸ்டோரி என்று இன்னொரு அருங்காட்சியகம். இரண்டுக்கும் டிக்கெட் எடுக்காதீர்கள், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். சின்னப் பையன்கள் கூட இருந்தால் டைட்டானிக், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் இருப்பது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கப்பலைவிட அதில் ஏறிய ஜனங்களைப் பற்றி அது அதிகம் சொல்கிறது.

கேஸ்மென்ட் சதுக்கத்தில் லூசிடானியா நினைவுச் சின்னம். 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி அந்தக் கப்பலைக் கின்சேல் முனைக்கு அப்பால் மூழ்கடித்தது. அதற்குப் பிறகு புனித கோல்மன் பேராலயம். மேட்டில் இருக்கிறது, ஆகவே என் விதிப்படி டாக்ஸி. 1868-இல் தொடங்கி 1919-இல்தான் முடித்தார்கள். கோபுரத்தில் 49 மணிகள். இறங்கி வரும்போது வெஸ்ட் வியூ தெருவில் சரிவில் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும் வண்ண வீடுகள் வரும். எதிரே உள்ள சின்னப் பூங்காவில் நின்று படம் எடுங்கள். மதில் மேல் ஏறி எடுக்கும் இளைஞர்களைப் பார்த்து அப்பாவும் ஏறக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

கென்னடி படகுத்துறையிலிருந்து ஸ்பைக் தீவுக்குப் படகு உண்டு. நட்சத்திர வடிவக் கோட்டை, 1847-இல் கைதிகளை அடைக்கத் தொடங்கிய இடம், கடைசியாக இருந்த சிறை 2004-இல்தான் மூடப்பட்டது. அரை நாள் வேண்டும், படகிலிருந்து கோட்டைக்கு ஏற்றம் நடக்க வேண்டும். கோவ் ஊரையும் தீவையும் ஒரே நாளில் பார்ப்பது இளவட்டத்துக்குத்தான். அதே ரயில் பாதையில் ஃபோட்டா வனவிலங்குப் பூங்கா இருக்கிறது, ஸ்டேஷன் பக்கத்திலேயே. பேரப்பிள்ளைகள் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள்.

திரும்பும்போது கொஞ்சம் வேடிக்கை வேண்டுமா? காரிகலோ ஸ்டேஷனில் இறங்கினால், பக்கத்தில் கார்களை ஏற்றிச் செல்லும் படகு. நடந்தே ஏறலாம், சில நிமிடங்களில் எதிர்க்கரை கிளென்புரூக். அங்கிருந்து நகரத்துக்கு பஸ். வெயில் அடித்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்.

பிளார்னி, கின்சேல்

பிளார்னி கோட்டைக்கு 215 பஸ். அங்கே இருக்கும் பிளார்னி கல்லை முத்தமிட்டால் பேச்சுத் திறமை வரும் என்பது நம்பிக்கை. 1446-இல் கட்டிய கோட்டையின் உச்சிக்குக் குறுகிய சுழல்படியில் ஏறி, மல்லாந்து படுத்து, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் தொங்கவிட வேண்டும். கழுத்து வலி, தலைசுற்றல், பி.பி. உள்ளவர்களுக்கு நர்ஸ் என்ற முறையில் என் பதில், வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பேச்சுத் திறமைக்கு என்ன குறை? தோட்டங்களுக்காகவே டிக்கெட் காசு தகும். விஷச் செடித் தோட்டத்தில், ஊரில் வேலியோரம் தானாக முளைக்கும் ஆமணக்கு எச்சரிக்கைப் பலகையோடு நிற்பதைப் பார்த்து மாமியார் வெகுநேரம் சிரித்தார். கோடையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பின்னால் வரிசை நீளும்.

கின்சேலுக்கு 226 பஸ், விமான நிலையம் வழியாகப் போகும். வண்ண வண்ணக் கடைகள், படகுகள், மீன் வறுவல். ஊருக்கு வெளியே சார்ல்ஸ் கோட்டை, 17-ஆம் நூற்றாண்டு, கடல் வாயைக் காவல் காக்கக் கட்டியது. நடந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். சுவர் மேல் காற்று ஆளைத் தள்ளும்.

காருக்கு ஒரு நாள்

மேற்கு கார்க்குக்கு மட்டும் கார் ஓட்டத் தெரிந்த நண்பரைப் பிடியுங்கள். நான் அதிகாலையில் கிளம்பி, முதலில் ஸ்கிபெரீனில் நிறுத்தச் சொல்வேன். 1840-களின் பெரும் பஞ்சம் கொடூரமாகத் தாக்கிய ஊர் அது, பாரம்பரிய மையத்தில் அதைத் தெளிவாகச் சொல்கிறார்கள். கார் கிடைக்காதவர்கள் 237 பஸ்ஸில் இதுவரைக்கும் வரலாம்.

அடுத்து ஷீப்ஸ் ஹெட் தீபகற்பத்தில் அஹகிஸ்டா. 1985 ஜூன் 23 அன்று கனடாவிலிருந்து லண்டன் வழியாக இந்தியாவுக்கு வர வேண்டிய ஏர் இந்தியா 182, கனிஷ்கா விமானம், குண்டு வெடித்து இந்தக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. 329 பேரும் இறந்தார்கள். கிடைத்த 131 உடல்களும் கார்க் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தன. அடுத்த ஆண்டே கடலோரத்தில் நினைவுத் தோட்டம் அமைத்தார்கள். சூரியக் கடிகாரமும் பெயர்கள் பொறித்த சுவரும் இருக்கின்றன. ஒவ்வொரு ஜூன் 23-ஆம் தேதியும் உள்ளூர் மக்கள் குடும்பங்களோடு கூடுகிறார்கள். கடையோ டிக்கெட்டோ எதுவும் இல்லை. பூ வைக்க விரும்பினால் வரும் வழியில் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் மிச்சம் இருந்தால் மிசன் முனை, பாறைப் பிளவுக்கு மேலே நடைபாலம். தலைசுற்றல்காரர்கள் காரிலேயே இருக்கலாம்.

சாப்பாடும் கழிவறையும்

புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், குளிரில் தயிர் சாதம் யாருக்கும் இறங்காது. கடையில் சாப்பிடுவதென்றால் பிரவுன் பிரெட்டும் காய்கறி சூப்பும் எங்கும் கிடைக்கும். சைவர்கள் சூப் கோழித் தண்ணீரில் செய்ததா என்று கேட்டுவிட வேண்டும். டீ பற்றிக் கவலையே வேண்டாம், பாரிஸ் (Barry's) டீ கார்க் கம்பெனிதான், 1901-லிருந்து. பால் ஊற்றினாலும் நல்ல ஸ்ட்ராங்காகவே இருக்கும்.

பொதுக் கழிவறைகள் குறைவு. அருங்காட்சியகம், ஷாப்பிங் சென்டர், கென்ட் ஸ்டேஷன், எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் போய்விட்டு வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் குறைவு. கின்சேல், ஸ்கிபெரீன் போகும் நாளில் திரும்பி வரும் கடைசி இரண்டு பஸ் நேரத்தையும் காலையிலேயே போனில் படம் பிடித்துக்கொண்டு, கடைசிக்கு முந்தைய பஸ்ஸில் ஏறுங்கள்.