லான் கேபிள் இழுத்துப் பூட்டின வைஃபை வேலை செய்யேல்லையா? வயரில இருந்து பாருங்கோ

எங்கட பக்கம் 4ஜி ரவுட்டரை எங்க வைக்கிறது எண்டதை போன் ரவர் தான் சொல்லும். கிளிநொச்சி, வவுனியா ரவுணுக்குள்ள இருக்கிறவை மேசையில எங்கயும் வைக்கலாம், ஆனா முரசுமோட்டை, ஒட்டுசுட்டான், மாங்குளத்துக்கு உள்ளுக்க எண்டு போனால் ரவர் பக்கம் பாத்த யன்னலடியில வைச்சால் தான் நெற் ஒழுங்கா வரும், அந்த யன்னல் வீட்டின்ர ஒரு மூலையில இருக்கும், பிள்ளையள் படிக்கிற அறை மற்ற மூலையில, குசினி தனியா வளவுக்க, முன்னுக்கு ஒரு கடை. சீமெந்துக்கல்லுச் சுவர் வைஃபையை நல்லாக் குறைச்சுப் போடும், தகரம் விடவே விடாது. அதால இப்ப கனபேர் லான் கேபிள் இழுத்து மற்ற முனையில ஒரு அக்சஸ் பொயின்ற் பூட்டீனம் (வயரால வாற நெற்றை வைஃபையா விடுற பெட்டி, இனி ஏபி எண்டே எழுதுறன்). நல்ல முடிவு. ரீப்பீட்டர் வாங்காதேங்கோ, கனக்கவற்றில வாங்கிற சிக்னலையும் குடுக்கிற சிக்னலையும் ஒரே ரேடியோவில செய்யிறபடியால் வேகம் ஏறத்தாழ அரைவாசியாப் போயிடும்.

பிரச்சினை பூட்டின பிறகு தான் வரும். போனில வைஃபை கோடு முழுசா நிக்கும், கீழ இன்ரநெற் இல்லை எண்டு எழுதும். உடன எல்லாரும் வைஃபை பாஸ்வேர்ட்டை மாத்துவினம், ரீசெற் அடிப்பினம், கடைசியில புது ஏபி ஒண்டு வாங்குவினம். கோடு முழுசா நிக்குதெண்டால் போனுக்கும் ஏபிக்கும் நடுவில ஒரு குறையும் இல்லை எண்டு தான் அர்த்தம். பிழை அங்கால, ஏபிக்கும் மெயின் ரவுட்டருக்கும் நடுவில கிடக்கு. என்ர வீட்டிலயும் பிறகு அக்கா வீட்டிலயும் இதைப் பாத்துச் சரி செய்த ஒழுங்கில தான் கீழ எழுதுறன், இந்த ஒழுங்கை மாத்தாமப் போங்கோ.

1. வைஃபையை ஓஃப் பண்ணிப்போட்டு லப்டொப்பை எடுங்கோ

ஏபிக்குள்ள போற கேபிளைக் கழட்டி நேரா லப்டொப்பில கொழுவுங்கோ. லப்டொப்பில வைஃபை கட்டாயம் ஓஃப்பில இருக்கவேணும், இல்லாட்டி அது வைஃபையால நெற் எடுத்துப்போட்டு வயர் நல்லா இருக்கெண்டு காட்டும். இப்ப வாற லப்டொப்புகள் கனக்கவற்றில லான் ஓட்டை இல்லை, யூஎஸ்பியில கொழுவிற லான் அடப்டர் ஒண்டு வாங்கி வையுங்கோ, இந்த வேலைக்கு அதை விடப் பிரயோசனமான சாமான் வேற இல்லை.

நெற் வருதா? அப்ப வயர் பெரும்பாலும் சரி, பிழை ஏபியின்ர செற்றிங்ஸில, 3க்குப் போங்கோ. வரேல்லையா? லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மெயின் ரவுட்டரடிக்குப் போய் நல்லது எண்டு தெரிஞ்ச ஒரு சின்னக் கேபிளால கொழுவிப் பாருங்கோ. அங்க வந்தால் நடுவில கிடக்கிற வயர் தான் ஆள். அங்கயும் வராட்டி ரவுட்டரின்ர மற்ற லான் ஓட்டைக்கு மாத்திப் பாருங்கோ, அதுக்கும் வராட்டி ஏபியைக் குறை சொல்ல ஒண்டுமில்லை.

2. ஐபி நம்பரைப் பாருங்கோ

லப்டொப் நெட்வேர்க் செற்றிங்ஸில ஐபி அட்ரஸ் (லப்டொப்புக்குக் கிடைச்ச நம்பர்), கேட்வே (வெளிய நெற்றுக்குப் போற வாசலின்ர நம்பர்) எண்டு ரெண்டு இருக்கும். ரெண்டையும் ஒரு பேப்பரில எழுதுங்கோ. மெயின் ரவுட்டரின்ர நம்பர் அதின்ர அடியில ஒட்டின ஸ்ரிக்கரில இருக்கும், ஹுவாவே 4ஜி ரவுட்டருகளில பெரும்பாலும் 192.168.8.1. இனி அதையே உதாரணத்துக்கு வைக்கிறன்.

ஐபி 169.254 எண்டு தொடங்கினால் ஒருத்தரும் நம்பர் தரேல்ல, லப்டொப் தானே ஒண்டைப் போட்டுக்கொண்டு இருக்கு எண்டு அர்த்தம். வயர் அறுந்திருக்கும், இல்லாட்டி ஓட்டை செத்திருக்கும். 192.168.8. எண்டு தொடங்கி கேட்வே 192.168.8.1 எண்டு இருந்தால் எல்லாம் சரி. வேற ஏதும், உதாரணத்துக்கு 192.168.0. எண்டு வந்தால் வீட்டுக்க ரெண்டு பேர் நம்பர் குடுக்கினம்.

3. ரெண்டு பேர் நம்பர் குடுக்கிற பிரச்சினை

தனி ஏபி வாங்காம வீட்டில கிடந்த பழைய ரவுட்டரை ஏபியாப் பாவிக்கிறவைக்கு வாறது இது. (பாவிக்கலாம், ஒரு பிழையும் இல்லை, காசு மிச்சம்.) ஒவ்வொரு ரவுட்டருக்குள்ளயும் டிஎச்சிபி எண்டு ஒண்டு ஓடும், புதுசா வாற போனுக்கு ஐபியும் கேட்வேயும் குடுக்கிறது அது தான். ஒரு வகுப்பில ரெண்டு வாத்திமார் ஒரே நேரத்தில இடாப்புக் கூப்பிட்ட மாதிரி, ஆர் முதல் கூப்பிடீனமோ பிள்ளை அவைக்கு உள்ளேன் சொல்லும். பழைய ரவுட்டர் முந்தினால் போனுக்கு கேட்வே 192.168.0.1 எண்டு போகும், அந்தப் பெட்டிக்கு வெளிய போக வழியே இல்லை, நெற் வராது.

ஆளைக் குழப்புறது என்னெண்டால் இது ஒரு ஒழுங்கில நடக்காது. அம்மாவின்ர போனில வரும், தம்பியின்ர போனில வராது. யன்னலடி மெயின் ரவுட்டரின்ர வைஃபையில நிக்கிற போனுக்கும் வராது, ஏனெண்டால் வயராலயும் வைஃபையாலயும் எல்லாம் ஒண்டாக் கொழுவித் தான் கிடக்கு, பிழையான நம்பர் அங்க வரைக்கும் வரும். ஒருக்கா வாங்கின நம்பரைப் போன் மணித்தியாலக் கணக்கில, சில ரவுட்டரில ஒரு முழுநாள், வைச்சிருக்கும், அதால நேற்று வேலை செய்தது இண்டைக்கு வேலை செய்யாது, நீங்கள் கடைசியாத் தொட்ட ஏதோ ஒண்டில பழியைப் போடுவியள்.

செய்ய வேண்டியது, இதே ஒழுங்கில: பழைய ரவுட்டரை மெயினில இருந்து கழட்டி லப்டொப்பில தனியாக் கொழுவுங்கோ. அதின்ர லான் ஐபியை 192.168.8.2 எண்டு மாத்துங்கோ. அது திரும்பி ஓன் ஆன பிறகு புது நம்பராலயே உள்ளுக்கப் போய் டிஎச்சிபியை ஓஃப் பண்ணுங்கோ. பிறகு மெயினில இருந்து வாற வயரை இதின்ர லான் ஓட்டையில கொழுவுங்கோ, வான் ஓட்டையில (வெளி நெற்றைக் கொழுவிற ஓட்டை) வேண்டாம். வானில கொழுவினாலும் கனதரம் நெற் வரும் தான், ஆனா அது தனக்கெண்டு வேற ஒரு நெட்வேர்க்கை வைச்சிருக்கும், கடைப் பக்கம் இருக்கிற பிரின்ரரையும் சிசிரிவிப் பெட்டியையும் வீட்டுக்க இருந்து பிடிக்கேலாது.

அந்த .2 நம்பர் மெயின் ரவுட்டர் போனுகளுக்கெண்டு ஒதுக்கி வைச்ச நம்பருகளுக்க இருக்கக்கூடாது. மெயினுக்குள்ள போய் பாருங்கோ, 100இல இருந்து 200 வரை எண்டு இருந்தால் 2 நல்லது, 2இல இருந்தே தொடங்கினால் அதை 100இல தொடங்க மாத்துங்கோ. ரவுட்டரில ஏபி மோட் எண்டு ஒரு தெரிவு இருந்தால் அதைப் போட்டால் போதும், இந்த வேலையெல்லாத்தையும் தானே செய்யும், இப்ப வாற டிபி-லிங்க் ரவுட்டர் கனக்கவற்றில இருக்கு. அதுக்காகவே நான் அதை விரும்புவன்.

4. வயர் (இதை அவசரப்படாம வாசியுங்கோ)

ஏபி செற்றிங்ஸ் எல்லாம் சரி, ஐபி சரி, வாட்ஸ்அப்பில எழுத்து மெசேஜ் போகுது, ஆனா வீடியோ சுத்திக்கொண்டே நிக்குது. இது தான் ஆளை அலைக்கழிக்கிற கேஸ். கேபிள் ரெஸ்ரரை வைச்சால் 1இல இருந்து 8 வரை பச்சை லைற் ஒழுங்கா எரியும், வயர் நல்லம் எண்டு விட்டிடுவம்.

கேபிளுக்க எட்டுக் கம்பி, ரெண்டு ரெண்டா முறுக்கி நாலு சோடி. அந்த முறுக்குத் தான் ஒரு சோடியின்ர சத்தம் மற்றச் சோடிக்குப் போகாமத் தடுக்கிறது. பிளக்கில 1ம் 2ம் ஒரு சோடி, 3ம் 6ம் ஒரு சோடி, 4ம் 5ம் ஒரு சோடி, 7ம் 8ம் ஒரு சோடி. இந்த 3உம் 6உம் தள்ளித் தள்ளி இருக்கிறது தெரியாம கன ஆக்கள் செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, மண்ணிறச் சோடி எண்டு வடிவா அடுக்கி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிச்சு விடுவினம். ரெஸ்ரர் பாக்கிறது கம்பி இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் போகுதா எண்டதை மட்டும், அதால பச்சை தான் காட்டும். உண்மையில 3க்கு வெள்ளைப் பச்சையும் 6க்கு நீலமும் போய் நிக்குது, ரெண்டும் வேற வேற முறுக்கில. சின்னக் கேபிளில இது வேலை செய்யும், யன்னலடியில இருந்து கடை வரைக்கும் இழுத்தால் டேற்றா விழுந்து விழுந்து போகும்.

சரியான அடுக்கு, பிளக்கின்ர கொளுக்கி கீழ்ப்பக்கம் இருக்கப் பிடிச்சுக்கொண்டு இடப்பக்கத்தில இருந்து: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். ரெண்டு முனையும் இதே மாதிரி. முறுக்கைத் தேவைக்கு மேல பிரிக்காதேங்கோ, ஒரு சென்ரிமீற்றர் மட்டில போதும்.

கண்டுபிடிக்கிறதுக்கு ரெஸ்ரர் வேண்டாம், கண் போதும், பிளக் கண்ணாடி மாதிரித் தான் இருக்கு, வெளிச்சத்தில பிடிச்சு நிறத்தைப் பாருங்கோ. பிறகு லப்டொப்பை வயரின்ர கடைசி முனையில கொழுவி 192.168.8.1க்கு நிப்பாட்டாம பிங் விடுங்கோ (பதில் வருதா எண்டு திரும்பத் திரும்பக் கேக்கிற கட்டளை), அது ஓடிக்கொண்டிருக்க ஒரு பெரிய டவுன்லோட்டைப் போடுங்கோ. பதில் வராம இடைக்கிடை ரைம் அவுட் எண்டு வந்தால் வயர் பிழை, வீட்டுக்குள்ள போற வயரில ஒண்டும் விழக்கூடாது.

கேபிள் வாங்கேக்க சுத்தச் செம்பு கற் 5ஈ கேட்டு வாங்குங்கோ, வீட்டுக்குக் கற் 6 தேவையில்லை. மலிவா வாறது அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது, கத்தியால கம்பியைச் சுரண்டினால் உள்ளுக்க வெள்ளையாத் தெரியும், அதைத் திருப்பிக் குடுங்கோ. அது பிளக்குக்குள்ள நாள் போக இளகும், மடிச்சால் முறியும். வளவுக்கால போறதுக்கு வெயில் தாங்கிற கறுத்தத் தோல் கேபிள் தான், குழாய்க்குள்ளால விட்டால் அணில் கடியாது. ஒரு இழுவை 100 மீற்றருக்கு மேல போகேலாது.

5. கறண்டும் இடியும்

கேபிளாலேயே கறண்ட் எடுக்கிற ஏபி எண்டால் பெட்டிக்க வந்த இன்ஜெக்டரையே (கேபிளுக்குள்ள கறண்ட் விடுற குட்டிப் பெட்டி) பாவியுங்கோ. 802.3ஏஎஃப் முறை எண்டால் 48 வோல்ற் மட்டில, ஏபியைக் கேட்டுப்போட்டுத் தான் கறண்ட் விடும். மற்ற வகை 24 வோல்ற்றைக் கேக்காமலே விடும். ரெண்டையும் மாத்திக் கொழுவினால் ஒண்டில் ஏபி ஓன் ஆகாது, ஒண்டில் எரியும்.

ஒக்ரோபர், நவம்பரில எங்கட பக்கம் இடி இடிக்கேக்க எல்லாரும் பிளக்கை மட்டும் கழட்டீனம். லான் கேபிளையும் ரெண்டு முனையிலயும் கழட்டுங்கோ, வளவுக்கால போற செம்புக் கம்பியால தான் அடி உள்ளுக்க வரும். அப்பிடி அடி வாங்கின ஏபியில லான் ஓட்டை மட்டும் செத்து வைஃபை உயிரோட நிக்கும், போனில கோடு முழுசா, நெற் இல்லை. வீட்டில இருந்து தனிக் கட்டிடத்துக்குப் போறதெண்டால் என்ர விருப்பம் ஃபைபர் வயரும் ரெண்டு மீடியா கொன்வேர்ட்டரும் (ஃபைபரை லான் கேபிளுக்கு மாத்திற பெட்டி) தான், கண்ணாடி நாரால மின்னல் வராது.

6. கடைசியா வைஃபை

2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில 1, 6, 11 எண்ட சனல்களில ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொண்டு குடுங்கோ, சனல் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். பிழை தேடுற நேரம் ஒவ்வொரு ஏபிக்கும் வேற வேற பெயர் வையுங்கோ, எதில நிக்கிறம் எண்டு தெரியும். எல்லாம் சரி வந்த பிறகு பெயரையும் பாஸ்வேர்ட்டையும் ஒண்டாக்குங்கோ. போன் பழைய ஏபியையே பிடிச்சுக்கொண்டு விடாட்டி அந்த ஏபியின்ர பவரைக் குறையுங்கோ.

பிறகு சேர்த்தது: புதுக்குடியிருப்பில இருந்து ஒருத்தர் டிஎச்சிபியை முதல் ஓஃப் பண்ணிப்போட்டன், இப்ப ரவுட்டருக்குள்ள போகேலாது எண்டு எழுதினவர். லப்டொப்புக்குக் கையால 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0 எண்டு குடுத்தால் 192.168.0.1 திறக்கும். வேலை முடிய லப்டொப்பைத் திரும்பத் தானா எடுக்கிறதுக்கு மாத்துங்கோ.

இன்னொண்டு: கறண்ட் போய் வந்த உடன நெற் வராட்டிப் பதறாதேங்கோ, ஏபி கெதியா எழும்பும், 4ஜி ரவுட்டர் ஆறுதலாத் தான் எழும்பும், அதுக்கிடையில போன் போய் நம்பர் கேட்டுக் கிடைக்காம நிக்கும். ரவுட்டர் முழுசா ஓன் ஆன பிறகு போனில வைஃபையை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ. 12 வோல்ற் குட்டி யூபிஎஸ் ஒண்டை மெயின் ரவுட்டருக்குப் போட்டால் இது வராது, ஆனா ரவுட்டரின்ர அடப்டரில என்ன வோல்ற் எண்டு பாத்து வாங்குங்கோ.

இன்னும் ஒண்டு: முழு வீட்டிலயும் ஒரேயடியா நெற் நிண்டு, நெட்வேர்க் ஸ்விச்சில (ஒரு லான் வயரைக் கன ஓட்டையாப் பிரிக்கிற பெட்டி) எல்லா லைற்றும் ஒரே நேரத்தில விடாம மின்னினால் ஆரோ சும்மா தொங்கின வயரின்ர ரெண்டு முனையையும் ஒரே ஸ்விச்சில கொழுவியிருக்கினம். அதில ஒரு முனையைக் கழட்டிப்போட்டு ஸ்விச்சையும் ரவுட்டரையும் ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ.