செட்டிநாட்டுச் சாமான் அறையில் உலோகத்தின் தொடக்கத்தைப் படிப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் செம்பும் வெண்கலமும் பித்தளையும் இரும்பும் ஒரே அறையில் அடுக்கப்பட்டிருப்பதால், உலோகம் மனிதரின் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று பிள்ளைகளுக்கு விளக்க அந்த அறையே போதும். அந்தச் சாமான்கள் சில தலைமுறைகளுக்கு உட்பட்டவைதாம். அவற்றைச் செய்த தொழிலோ பல்லாயிரம் ஆண்டு பழமையானது.

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பிரியுங்கள். இருப்புச்சட்டி, அரிவாள்மனை, பாக்குவெட்டி ஆகியவை ஒட்டும். ஒட்டாதவற்றில் சிவந்தது செம்பு, மஞ்சளாக இருப்பது பித்தளை, தட்டினால் நெடுநேரம் ஒலிப்பது பெரும்பாலும் வெண்கலம். ஐயம் இருந்தால் பாத்திரம் செய்யும் கன்னாரிடம் காட்டுவது நல்லது. பார்த்து முடிக்கும்வரை புளி போட்டுத் துலக்க வேண்டாம். சுத்தியல் தடங்களும் வார்ப்பின் தடயங்களும் பழைய நிறத்தின்மேல்தான் தெளிவாகத் தெரியும்.

செம்புக் குடத்திலிருந்து தொடங்குங்கள். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அடுப்புத் தீ அதற்குப் போதாது, கரியும் துருத்தியும் பழகிய கையும் வேண்டும். அதனால்தான், உழுபவர் விளைவித்ததை உண்டு உலையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் கைவினைஞர் உருவானார். செம்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்த்தால் குறைந்த வெப்பத்தில் உருகி, ஆறியபின் கடினமான வெண்கலமாகும். ஆனால் வெள்ளீயம் எங்கும் கிடைப்பதன்று. தொலைவிலிருந்து வர வேண்டியிருந்ததால் வெண்கலம் வணிகத்தையும் வசதி படைத்தோரையும் சார்ந்தே இருந்தது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு அந்த வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் அதை வெறுமையாக அடுப்பில் ஏற்றக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு இங்கேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து இரும்பு. இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். கல், செம்பு, வெண்கலம், இரும்பு என்ற வரிசை மேற்காசியாவுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் தனியான வெண்கலக் காலம் ஒன்று தெளிவாகக் காணப்படவில்லை, புதிய கற்காலத்தை அடுத்து இரும்புக் காலமே வருகிறது. ஆகவே அம்மிக்குப் பக்கத்திலேயே அரிவாள்மனையை வையுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். பழைய உலைகள் அதை எட்டாததால், பஞ்சுபோல் துளைகள் நிறைந்த கட்டியாக வெளிவந்த இரும்பைச் சூட்டோடு அடித்தடித்துக் கசடு நீக்கினார்கள். உழைப்பு மிகுதிதான், ஆயினும் தாது பல இடங்களில் கிடைத்ததால் கோடரியும் அரிவாளும் மண்வெட்டியும் எளிய குடியானவர் கைக்கும் வந்தன. காடு திருத்துவதும் கெட்டித்தரையில் கிணறும் குளமும் வெட்டுவதும் எளிதாயின. ஊருணியை நம்பி வாழும் நம் வறண்ட சீமையில் அதன் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணிக்கையில் மிகுந்திருக்கும் பித்தளை அண்டாக்களைக் கடைசியில் காட்டுங்கள், ஏனெனில் இவற்றுள் இளையது பித்தளையே. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால்தான் பித்தளை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகி உலையிலிருந்து தப்பிவிடும் என்பதால் அதைப் பிடித்து வைக்க மனிதருக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இரும்பை எடுத்து வைக்கும்முன் எண்ணெய் தடவுங்கள். வாய்ப்புள்ளவர்கள் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கும் கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அங்குள்ள இரும்புக் கருவிகளின் வடிவத்தை வீட்டிலுள்ளவற்றோடு ஒப்பிடச் சொல்லலாம்.